வன்னியிலிருந்து போய் விடியப்புறப் பிளேன் ஏறுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் எனக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் கடை. போட்டோக்கொப்பி, ரீலோட், அதோடு பிளேன் ரிக்கெற்றும் போட்டுக் கொடுப்பேன். 2023இல் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக மதுரைக்குப் போனோம். யாழ்ப்பாணத்துப் பலாலியில் பிளேன் ஏறிச் சென்னை, அங்கே ஓர் இரவு, அடுத்த நாள் விடியப்புறம் சென்னையிலிருந்து மதுரை. அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் ரிக்கெற்றை விடக் கேள்விகள்தான் கூடக் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். பலாலி – சென்னைப் பயணத்தைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு பயமில்லை, எங்கள் ஆட்களே நிறையப் பேர் கூட வருவார்கள். இரண்டாவதாக ஏறும் அந்தச் சின்ன உள்ளூர் பிளேன்தான் யோசனையாக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வன்னியிலேயே ஏற வழியில்லையா?

இல்லை. இரணைமடுவிலும் வவுனியாவிலும் ஓடுபாதை இருக்கிறது, இரண்டும் விமானப்படையிடம். பயணிகளுக்குப் பலாலிதான். 2019 ஒக்ரோபர் 17இல் அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பர் 12இல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. கிளிநொச்சியில் வெளிக்கிட்டால் ஏ9 வழியே போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்க ஆட்கள் பரந்தனுக்கு வந்து சேரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகலாமே, ஏன் பிளேன்?

போகலாம். உடம்புக்கு முடிந்தவர்களுக்கு ரயில் நல்லது, காசும் குறைவு. பகல் ரயிலில், ரயிலைப் பொறுத்து ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம் இருக்க வேண்டும். பிளேனில் ஒன்றேகால் மணித்தியாலம். கண்ணில், முதுகில், காலில் பிரச்சினை உள்ளவர்களை வைத்துக்கொண்டு போகும்போது அந்த வித்தியாசம் பெரிது. காலை 8 மணிக்கு முன்னரே மதுரையில் இறங்கிவிட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு எடுத்து டொக்டரிடம் காட்டிவிடலாம், அறை வாடகையில் ஒரு நாள் மிச்சம்.

அதுக்காக அவ்வளவு வெள்ளனவா?

முதல் பிளேனுக்கு இரண்டு நன்மை இருக்கிறது. பெரும்பாலும் அது இரவு முழுக்க அங்கேயே நின்ற பிளேன், ஆகவே வேறு ஊரிலிருந்து அது பிந்தி வந்ததால் உங்களுடையதும் பிந்துகிற கதை குறைவு. மற்றது, வெயில் ஏறினால் நிலம் சுட்டு, சூடான காற்று மேலே எழும்பும், பிளேன் குலுங்கும். விடியப்புறத்தில் அந்தக் குலுக்கல் குறைவு. முதல்முறை போகிற வயதானவர்களுக்கு நான் வேறு நேரம் போட்டுக் கொடுப்பதே இல்லை.

ஒரு நாளை மட்டும் தவிருங்கள். தைப்பொங்கலுக்கு முந்தின நாள் சென்னையில் போகி. எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லாதபடியால் தெரியாமல் ரிக்கெற் போட்டுவிடுவோம். அன்று விடியப்புறம் ஊரெல்லாம் பழைய சாமான்களைக் கொளுத்துவார்கள், பனிமூட்டமும் புகையும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் பிளேன்கள் தாமதிப்பதுண்டு.

எத்தனை மணிக்கு எயார்போட்டில் நிற்க வேண்டும்?

இரண்டு மணித்தியாலம் முதல். 6 மணிப் பிளேனுக்கு 4 மணி. பெரிய பை கொடுக்கும் கவுண்டரைப் புறப்படுவதற்கு 60 நிமிடம் முதலே மூடிவிடுவார்கள், ஏறும் வாசலைப் பெரும்பாலும் 25 நிமிடம் முதல் மூடுவார்கள். மூடினால் மூடினதுதான், கெஞ்சிப் பிரயோசனமில்லை.

மெட்ரோ ரயிலை நம்பாதீர்கள், காலை 5 மணிக்குத்தான் தொடங்கும். முதல் நாள் இரவு வடபழனியிலோ வளசரவாக்கத்திலோ சொந்தக்காரர் வீட்டில் நின்றால், கார் ஒன்றை இரவே பேசி வையுங்கள். ஒருவரும் இல்லாவிட்டால் பல்லாவரம், மீனம்பாக்கம் பக்கம் அறை எடுப்பது நல்லது. ரிக்கெற்றில் டெர்மினல் 1 என்று இருக்கிறதா 4 என்று இருக்கிறதா பாருங்கள், உள்ளூர் பிளேன்கள் இரண்டிலும் உண்டு. நீங்கள் பலாலியிலிருந்து வந்து இறங்கிய இடம் வேறு.

வழியனுப்ப வருகிறவர்கள் வாசலோடு நிற்க வேண்டியதுதான். இந்தியாவில் ரிக்கெற்றும் பாஸ்போட்டும் காட்டாமல் கட்டடத்துக்குள்ளே விடமாட்டார்கள்.

உள்ளூர் பிளேன்தானே, அடையாள அட்டை போதாதா?

எங்கள் அடையாள அட்டை அங்கே செல்லாது. பாஸ்போட்டும் விசாத் தாளும் கையில் இருக்க வேண்டும், பைக்குள் அடியில் அல்ல. முகத்தைப் படமெடுத்து விடும் டிஜி யாத்ரா வரிசை ஆதார் உள்ளவர்களுக்கு. நீங்கள் சாதாரண வரிசையில் நில்லுங்கள்.

ரிக்கெற்றில் பெயர் மாறிக் கிடக்கிறது, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ரிக்கெற் போடும் இடத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். பாஸ்போட்டில் எந்தப் பெயர் எந்த வரியில் இருக்கிறதோ அப்படியே, அதே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயரை வழக்கத்தில் பாவிக்கிறவர்கள், பாஸ்போட்டில் இன்னும் தகப்பன் பெயர் இருந்தால் அதையேதான் போட வேண்டும். ஓர் எழுத்துப் பிழை என்றால் முதல் நாளே போன் எடுத்துத் திருத்தலாம். விடியப்புறம் 4 மணிக்குக் கவுண்டரில் நின்று திருத்துவது கஷ்டம்.

போன் நம்பரும் முக்கியம். பிளேன் பிந்தினால் அந்த நம்பருக்குத்தான் செய்தி வரும். இங்கத்தைச் சிம் அங்கே வேலை செய்யாவிட்டால் ஒன்றும் தெரியாமல் நிற்பீர்கள். அங்கே இருக்கும் சொந்தக்காரரின் நம்பரைக் கொடுங்கள்.

எவ்வளவு பாரம் கொண்டு போகலாம்?

சாதாரண எக்கொனமி ரிக்கெற்றுக்குப் பெரும்பாலும், கவுண்டரில் கொடுக்கும் பை 15 கிலோ, கைப்பை 7 கிலோ. இதிலேதான் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் மாட்டுப்படுகிறார்கள். பலாலியிலிருந்து வரும் பிளேனில் விட்ட அதே பாரத்தை உள்ளூர் பிளேனிலும் விடுவார்கள் என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே ரிக்கெற்றாக இருந்தால் பெரும்பாலும் விடுவார்கள். தனித்தனியாக எடுத்திருந்தால் இரண்டாவதற்கு அதன் கணக்குத்தான், மேலதிகக் கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். நெல்லு நிறுக்கும் தராசு வீட்டில் இருக்கும்தானே.

ஒடியல், பனங்கட்டி, கறித்தூள் எல்லாம் விடுவார்களா?

கொடுக்கும் பையில் வையுங்கள். மிளகாய்த்தூள், கறித்தூள், ஊறுகாய் ஒன்றையும் கைப்பையில் வைக்காதீர்கள். கொப்பரை இரண்டிலும் வேண்டாம், எண்ணெய் உள்ள சாமான், தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள். நெருப்புப்பெட்டி, லைட்டர் வேண்டாம். பவர் பாங்க் மட்டும் மறுபக்கம், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

வயதான பெண்களுக்கு ஒன்று. சென்னையில் அம்மாவின் கைப்பையை எக்ஸ்ரே மெசினில் பார்த்த பெண் அதிகாரி, சுருட்டி வைத்திருந்த சேலைத் துண்டை விரித்து ஒரு பாக்குவெட்டியை எடுத்தார். அம்மம்மாவின் பாக்குவெட்டி அது, பிடியில் பித்தளைக் குமிழ் போட்டது. 2009இல் யுத்தத்துக்குள்ளிருந்து உடுத்த உடுப்போடு வந்தபோதும் அம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்த சாமான். கூராக இருப்பதால் உள்ளே விட முடியாது என்று சொன்னார்கள், அது சட்டம். நேரம் இருந்தபடியால் நான் திரும்ப ஓடிப்போய்க் கவுண்டரில் கேட்டு, அதை ஒரு சின்னப் பையில் போட்டுத் தனியாகக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் அது போயிருக்கும். வெற்றிலைச் சாமான், கத்தரிக்கோல், நகவெட்டி எல்லாவற்றையும் முதல் நாள் இரவே பெரிய பைக்குள் போடுங்கள்.

உடம்புக்குள்ளே ஷெல் பீஸ் இருக்கு. மெசின் கத்துமோ?

இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்கிறவர்கள் குறைவு. கடையில் மற்ற ஆட்கள் போகும்வரை பார்த்திருந்துதான் கேட்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கேளுங்கள்.

கத்தலாம். ஷெல் வெடித்துச் சிதறி உடம்பில் தங்கிய உலோகத் துண்டு சின்னதாக, ஆழமாக இருந்தால் வாசல் போல நிற்கும் மெசின் பேசாமல் விடும். ஆனால் அதிகாரி கையில் பிடித்துத் தடவும் கருவி கிட்டக் கொண்டுபோனால் கத்தும். மாமாவுக்குத் தொடையில் மூன்றும் முதுகில் ஒன்றும் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் கத்துகிறது. கத்தினால் என்ன நடக்கும்? திரும்பத் தடவுவார்கள், கையால் தொட்டுப் பார்ப்பார்கள், என்ன என்று கேட்பார்கள், தழும்பைக் காட்டச் சொல்லக்கூடும். அவ்வளவுதான். பெண்களுக்குத் தனி வரிசை, திரை போட்ட இடத்தில் பெண் அதிகாரிதான் பார்ப்பார்.

இதற்கு ஆயத்தமாகப் போங்கள். ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள்: இன்ன இடத்தில், இத்தனை உலோகத் துண்டு, பழைய காயம். எக்ஸ்ரே படம் இருந்தால் அதையும் கைப்பையில் வையுங்கள். வரிசையில் உங்கள் முறை வந்ததும், மெசின் கத்த முதலே கடிதத்தைக் காட்டிவிடுங்கள். அங்கே நிற்கிற அதிகாரிகளில் தமிழ் தெரியாதவர்களும் உண்டு, வாயால் விளங்கப்படுத்த வெளிக்கிடாதீர்கள். முக்கியமாகக் குண்டு, ஷெல் என்ற சொற்களைச் சொல்லாதீர்கள். எங்களுக்கு அது உடம்பில் இருக்கிற சாமானின் பெயர், எயார்போட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். கடிதம் பேசட்டும்.

பொய்க்கால் போட்டிருக்கிறவர்கள் தனி அறை கேட்கலாம், எல்லார் முன்னாலும் கழற்றத் தேவையில்லை. இருக்க ஒரு கதிரையும் கேளுங்கள். ஊன்றுகோலை உள்ளே கொண்டு போகலாம்.

பிளேனோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் துண்டு இருப்பதை முதலில் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்த மெசின் பெரிய காந்தம். கண்ணுக்குக் கிட்ட, முள்ளந்தண்டுக்குக் கிட்டத் துண்டு உள்ளவர்களுக்கு ஆபத்து.

பிளேன் சத்தம் கேட்டாலே அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும். உள்ளுக்குள்ள எப்படி இருப்பா?

என் அம்மாவும் அப்படித்தான். குண்டு போட்ட கிபிர் விமானம் என்றால் என்ன, ஆளில்லாமல் வேவு பார்த்த வண்டு என்றால் என்ன என்று இங்கே ஒருவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. சத்தத்தை வைத்து எங்கே போகிறது, எப்போது பங்கருக்குள் இறங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்த காது எங்களுடையது. பதினாலு வருசம் கழித்து, சென்னையில் பிளேனின் விசிறி சுத்தத் தொடங்கியதும் அம்மா குனிந்து இரண்டு கையாலும் காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். குண்டு விழும்போது காது வெடிக்காமல் இருக்க அப்படித்தான் எங்களுக்குப் பழக்கினார்கள். பக்கத்தில் இருந்த தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு அடுத்து என்ன சத்தம் வரும் என்று காதுக்குள் சொன்னேன். சொன்னபடி அது வந்ததும் கொஞ்சம் கை தளர்ந்தது. வருவது தெரிந்தால் பயம் குறைகிறது. ஆகவே சத்தங்களை வரிசையாகச் சொல்கிறேன், போகுமுன் வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள்.

நிற்கும்போதே காலுக்குக் கீழே, இருக்கையின் அடியில் நாய் குரைப்பது போல, மரம் அரிவது போல ஒரு சத்தம் விட்டு விட்டு வரலாம். ஏர்பஸ் பிளேன்களில் அது வழமை, உள்ளே இருக்கும் பம்பு. பிறகு மெல்ல ஓடும், திரும்பும், நிற்கும். அப்புறம் ஒரேயடியாக இரைந்து முதுகை இருக்கையோடு அமத்தும். அரை நிமிடத்தில் நிலத்தின் அதிர்வு நிற்கும், அதுதான் எழும்பிவிட்டது. உடனே கீழே கடகடவென்று உருண்டு டொக் என்று அடிக்கும், சில்லு உள்ளே போகிறது. இரண்டொரு நிமிடத்தில் இரைச்சல் சட்டென்று குறையும். பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான், எஞ்சின் நின்று விழப்போகிறது என்று நினைப்பார்கள். அது விழவில்லை. ஏறும்போது கொடுத்த பலத்தைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான்.

இறங்கும்போது செட்டைகள் நீளும், ஙீ என்று ஒரு சத்தம். மறுபடி டொக், சில்லு வெளியே வருகிறது. நிலத்தில் தட்டியதும் மறுபடி பெரிதாக இரையும். அது பிரேக் பிடிக்கிற சத்தம். அது வந்தால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.

சின்னப் பிளேன் என்றால், ஏ.ரி.ஆர். 72 என்று ரிக்கெற்றில் இருந்தால், வெளியே பெரிய விசிறிகள் சுத்துவது தெரியும். சத்தமும் கூட, ஒரே சீராக இரையும். விசிறிக்கு நேரே இருக்கிற வரிசைகளில்தான் அதிகம், பின்பக்கம் குறைவு. காதுக்குப் பஞ்சு கொண்டு போங்கள். முடிந்தால் பயமுள்ளவரை நடைபாதைப் பக்கம் இருத்துங்கள், நீங்கள் அருகே இருங்கள். கையைப் பிடித்திருங்கள், எல்லாம் சரி, ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி எத்தனையோ முறை ஏமாந்த சனம் நாங்கள்.

யன்னல் பக்கம் இருக்கை எடுக்கலாமா?

விரும்பினால் எடுங்கள், தெரிவு செய்யக் காசு கேட்பார்கள். காசு கட்டாமல் விட்டால் அவர்களே ஒன்று தருவார்கள். ஒன்றாகப் போகிறவர்களைப் பிரித்துப் போட்டால் கவுண்டரில் கேளுங்கள், பல நேரம் மாற்றித் தருவார்கள். காலையில் மதுரைக்குப் போகும்போது சூரியன் இடப்பக்கம். விடியலைப் பார்க்க இடது, கண் கூசாமல் இருக்க வலது. ஏ.ரி.ஆரில் செட்டை மேலே இருப்பதால் எந்த யன்னலிலும் நிலம் தெரியும். மதுரை கிட்டும்போது கீழே கண்மாய்கள் வெயிலில் மின்னும். எங்கள் குளங்களை மேலேயிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

அவசர வாசல் வரிசையில் வயதானவர்களையும் பிள்ளைகளையும் இருத்த மாட்டார்கள்.

காது அடைக்குமே?

இறங்கும்போதுதான் கூட அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், டொபி சூப்புங்கள். கைக்குழந்தைக்கு அந்த நேரம் பால் கொடுங்கள். கடும் தடிமன் என்றால் போகுமுன் டொக்டரைக் கேளுங்கள், வலி பொறுக்க ஏலாமல் இருக்கும்.

சாப்பாடு தருவார்களா?

மலிவு ரிக்கெற்றில் பெரும்பாலும் இல்லை, காசுக்கு வாங்கலாம். தண்ணீர் கேட்டால் தருவார்கள். றொட்டியும் கட்டிச் சம்பலும் கொண்டு போங்கள், விடுவார்கள். குழம்பு வேண்டாம். சீனி வருத்தக்காரர் சாப்பிடாமல் ஏறக்கூடாது. இன்சுலினும் குளிசையும் கைப்பையில்தான், கொடுக்கும் பையில் வேண்டாம். அந்தப் பை தவறினால் மருந்தும் தவறும்.

பிளேன் பிந்தினால்?

இவ்வளவு குறுகிய பயணத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால், கொம்பனி சாப்பாடும் குடிக்கவும் தர வேண்டும், அது இந்திய விதி. அவர்களாகத் தராவிட்டால் போய்க் கேளுங்கள். நீங்கள் பிந்திப் பிளேன் போய்விட்டால் ரிக்கெற் காசு பெரும்பாலும் போனதுதான், ஆனால் அதில் சேர்த்து எடுத்த எயார்போட் வரியைத் திருப்பிக் கேட்கலாம். ஏறும் வாசல் கடைசி நேரத்தில் மாறுவதுண்டு. அறிவிப்பைக் கேட்டு எழும்பலாம் என்று இருக்காமல் திரையைப் பாருங்கள்.

கண் ஒப்பரேசன் முடிந்து எப்போது திரும்பிப் பறக்கலாம்?

டொக்டர் சொன்ன பிறகு. விழித்திரைக்குச் செய்யும் சில சிகிச்சைகளில் கண்ணுக்குள் வாயு ஏற்றி விடுவார்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து அந்த வாயு விரியும், பார்வையே போகலாம். அது கரையும்வரை பறக்கவே கூடாது. ஆகவே திரும்பும் ரிக்கெற்றை முன்கூட்டியே போட்டுவிட்டு வாருங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். என்ன சிகிச்சை என்று தெரிந்த பிறகு போடுங்கள், இரண்டு காசு கூடினாலும்.

கூடப் போக ஆளில்லை. அம்மாவைத் தனியாக அனுப்பலாமா?

அனுப்பலாம், நான் அனுப்பியிருக்கிறேன். ரிக்கெற் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், குறைந்தது இரண்டு நாள் முதலே சொல்ல வேண்டும். நடக்கக்கூடியவர் என்றாலும் கேளுங்கள். அதோடு ஓர் ஆள் வருவார், வாசலிலிருந்து சோதனை தாண்டிப் பிளேன் வரை கொண்டுபோய் விடுவார், மதுரையில் இன்னொருவர் இறக்கிப் பை எடுத்து வெளியே கொண்டுவருவார். ஒரு மட்டையில் பெயர், பிளேன் நம்பர், மதுரையில் கூப்பிட வருகிறவரின் போன் நம்பர், அம்மாவின் வருத்தம், குடிக்கும் குளிசை எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நூல் கட்டிக் கழுத்தில் போட்டுவிடுங்கள். கடைக்கு வந்தால் நான் அடித்துத் தருவேன், அதற்குக் காசு வேண்டாம்.